பிள்ளைப்பேறும் போட்டிக் காலண்டரும்

நம் வீடுகளில் கல்யாணப் பேச்சு எடுக்கும் வயதும், ஒரு வீராங்கனை ஆட்டத்தின் உச்சத்தைத் தொடும் வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். 23 வயதில் ஜாதகத்தைக் கையில் எடுக்கிறார்கள். 25-இல் தேசிய முகாமுக்கு அழைப்பு வருகிறது. 27-இல் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று தெருவே கேட்கிறது, ஆசியப் போட்டிக்கான தேர்வும் அந்த வருஷம்தான் வந்து தொலைக்கிறது. இந்த நெருக்கடியில் பலரும் எந்த முடிவும் எடுப்பதில்லை. "இந்த சீசன் முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறார்கள். சீசன்கள் முடிந்துகொண்டே போகின்றன.

எப்போது பெற்றுக்கொள்வது என்று இந்த அத்தியாயம் சொல்லாது. பெற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா என்பதும் உங்கள் சொந்த விஷயம். உடம்பு தாங்குமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் ஏற்கெனவே வந்துவிட்டது. மேரி கோம் 2007-இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்று 2008-இல் உலகப் பட்டம் வென்றார். 2013-இல் இன்னொரு மகன், 2014-இல் ஆசியப் போட்டித் தங்கம். கோனேரு ஹம்பிக்கு 2017-இல் மகள் பிறந்தாள். 2019-இல் உலக ரேபிட் சாம்பியன். சென்னையின் தீபிகா பல்லிக்கல் 2021 அக்டோபரில் இரட்டையருக்குத் தாயாகி, 2022 ஏப்ரலில் கிளாஸ்கோவில் உலக இரட்டையர் ஸ்குவாஷில் இரண்டு பட்டங்களோடு திரும்பினார்.

உடம்பு தடுத்ததைவிடத் தாள் தடுத்ததுதான் அதிகம் என்பது என் கட்சி. ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு வரி, முன்கூட்டி வாங்காத ஒரு மருந்து அனுமதி, அவசரத்தில் எழுதிக் கொடுத்த ஓய்வுக் கடிதம். இவையெல்லாம் கருவுறுவதற்கு முன்பே சரிசெய்யக்கூடியவை. பின்னால் ஓடினால் பாதிதான் கிடைக்கும்.

காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

முதலில் நீங்கள் விட்டுக்கொடுக்கவே முடியாத ஒரு போட்டியைக் குறியுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். அந்தப் போட்டிக்கான தகுதிச் சுற்றுகள் பெரும்பாலும் ஓராண்டுக்கு முன்பே தொடங்கிவிடும். பிரசவத்துக்குப் பின் போட்டித் தரத்துக்கு வர 9 முதல் 12 மாதம் வையுங்கள். கர்ப்பம் 40 வாரம். இதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: கருத்தரிக்க ஆகும் காலம். முயலும் தம்பதிகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஓராண்டுக்குள் கரு நிற்கும். ஆனால் அது முதல் மாதமா பதினோராவது மாதமா என்பது யார் கையிலும் இல்லை. எல்லாவற்றையும் கூட்டினால் மூன்று ஆண்டை ஒட்டி வரும்.

ஒலிம்பிக் முடிந்த உடனே வரும் இடைவெளி அதனால்தான் பலருக்கும் தோதாக இருக்கிறது. ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஃபிரேசர்-பிரைஸ் 2016 ரியோவில் ஓடினார். 2017 ஆகஸ்டில் மகன் பிறந்தான். 2019 தோஹாவில் உலக 100 மீட்டர் தங்கம். தடகளத்தில் 2018-இல் ஒலிம்பிக்கும் இல்லை, உலகச் சாம்பியன்ஷிப்பும் இல்லை. கென்யாவின் ஃபெய்த் கிப்யேகானுக்கு மகள் பிறந்தது அந்த ஆண்டு ஜூனில். மூன்று ஆண்டு கழித்து டோக்கியோவில் 1500 மீட்டர் தங்கம் அவருக்கே.

வயதுக் கணக்கையும் மூடி மறைக்க வேண்டாம். பெண்ணின் கருத்தரிக்கும் திறன் 32 வயதை ஒட்டி மெல்லக் குறையத் தொடங்கி, 37-க்குப் பின் வேகமாக இறங்குகிறது. நல்ல உடற்தகுதி இதைத் தள்ளிப்போடாது. மாரத்தான் ஓடுகிறவரின் சினைப்பைக்கும் அதே வயதுதான். 35-க்குள் என்றால் ஓராண்டு முயன்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் போகலாம். 35 தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். கணவருக்கும் முதல் வாரத்திலேயே விந்துப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மிகச் சுலபமான பரிசோதனை அதுதான். கடைசியில் செய்யப்படுவதும் அதுதான். அதற்குள் மனைவி மூன்று ஸ்கேனும் இரண்டு கோயில் நேர்த்திக்கடனும் முடித்திருப்பார்.

எல்லா ஆட்டத்துக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் ஹரிகா துரோணவள்ளி நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடினார். பெண்கள் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பியாட் பதக்கமான வெண்கலத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போன அதே மாதத்தில் மகளைப் பெற்றார். பாரிஸ் பாராலிம்பிக்கில் பிரிட்டனின் வில்வித்தை வீராங்கனை ஜோடி கிரின்ஹாம் ஏழு மாதக் கர்ப்பத்தோடு பதக்கம் வென்றார். கபடியும் ஜூடோவும் ஆடுகிறவருக்கு அந்த வழி கிடையாது.

மாதவிடாய் நின்றுபோனால்

"கேம்ப்ல எல்லாருக்கும் அப்படித்தான்" என்று சீனியர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். எரிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாதபோது உடம்பு முதலில் கைவிடுவது இனப்பெருக்கத்தைத்தான். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கு ரெட்-எஸ் என்று பெயரிட்டது. மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் பரிசோதனை கட்டாயம். எலும்பும் சேர்ந்து மெலிகிறது. பெரும்பாலும் சாப்பாட்டையும் ஓய்வையும் கூட்டினால் மாதவிடாய் திரும்பும்.

ஒரு எச்சரிக்கை. மாதவிடாய் வராததைக் கருத்தடையாக நினைத்துவிட வேண்டாம். திரும்பும்போது முதலில் முட்டை வெளியாகும். ரத்தப்போக்கு அதற்குப் பிறகுதான். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மாதாமாதம் வரும் ரத்தப்போக்கு, மாத்திரையை நிறுத்தும் இடைவெளியில் வருவது. உடம்பு சரியாக இருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது.

இப்போது வேண்டாம் என்றால்

கருத்தடையை மகளிர் மருத்துவர் எழுதித் தருவார். அவருக்கு ஊக்கமருந்துப் பட்டியல் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதைச் சொல்ல வேண்டியது நீங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரும் 'சாயா' மாத்திரையை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. ஹார்மோன் இல்லை, குமட்டல் இல்லை. சாதாரணப் பெண்ணுக்கு அருமையான மாத்திரை. அதிலுள்ள மருந்து ஆர்மெலாக்சிஃபீன். அது ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளில் வேலை செய்யும் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. டாமாக்சிஃபீனும் குளோமிஃபீனும் அதே குடும்பம்தான். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடாவின் தடைப் பட்டியலில் இந்தக் குடும்பம் முழுவதும், ஆணுக்கும் பெண்ணுக்கும், வருஷம் முழுக்கத் தடை செய்யப்பட்டது. பட்டியலில் அச்சாகியிருக்கும் பெயர்கள் எடுத்துக்காட்டுகள் மட்டுமே. ஆகவே பரிசோதனைக்கு உட்பட்ட எந்த வீராங்கனையும் தேசிய முகமையான நாடாவிடம் கேட்காமல் 'சாயா'வைத் தொட வேண்டாம்.

'அந்தரா' ஊசிக்குத் தடை இல்லை. ஆனால் நிறுத்திய பின் கருத்தரிக்கும் திறன் திரும்பச் சராசரியாக 7 முதல் 10 மாதம் ஆகும். நாம் போட்ட மூன்றாண்டுக் கணக்கில் அது ஒரு பெரிய ஓட்டை. நீண்ட நாள் போட்டால் எலும்பு அடர்த்தியும் குறையும் என்பதால், ஏற்கெனவே ஒல்லியாகக் காய்ந்திருக்கும் நெடுந்தூர ஓட்டக்காரருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். காப்பர்-டி எடுத்த மாதமே கருத்தரிக்கலாம். ஆனால் சிலருக்கு ரத்தப்போக்கு கூடும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஹீமோகுளோபினைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனம் ரத்தப்போக்கைக் குறைக்கும், விலைதான் அதிகம்.

இன்னொன்று, நம் ஊரில் மிகச் சாதாரணமாகப் புழங்குவது: திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மெடிக்கலில் வாங்கிப் போடும் 'தள்ளிப்போடுற மாத்திரை'. போட்டி நாளுக்கும் அதையே போடுகிறார்கள். அதிலுள்ள நாரெத்திஸ்டிரோனுக்குத் தடை இல்லை. ஆனால் உடம்பில் அது சிதையும்போது, நான்ட்ரோலோன் என்ற தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு விட்டுச்செல்லும் அதே தடயம் சிறுநீரில் கொஞ்சம் தெரியும். கர்ப்பத்திலும் அந்தத் தடயம் இயல்பாகவே வரும். ஆய்வகங்களுக்கு இது தெரியும், சரிபார்ப்பார்கள். மாதிரி கொடுக்கும்போது நிரப்பும் படிவத்தில் கடந்த ஏழு நாளில் எடுத்த மருந்துகளை எழுதும் கட்டம் ஒன்று உண்டு. களைப்பில் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள்தான் பிறகு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள். மாத்திரையின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட தேதி மூன்றையும் எழுதுங்கள். பக்கத்தில் ஆண் அதிகாரி நிற்கிறாரே என்று கூச்சப்பட வேண்டாம்.

திட்டமிடாமல் கரு நின்றுவிட்டால்? 2021-இல் திருத்தப்பட்ட மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு பதிவுபெற்ற மருத்துவரின் கருத்து போதும். 18 வயது நிரம்பியவருக்கு அவர் சம்மதம் மட்டுமே தேவை. கணவர், பெற்றோர், கோச் யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. மெடிக்கலில் கிட் வாங்கி முகாம் விடுதிக் கழிவறையில் ஒளிந்து செய்யும் காரியம் அல்ல அது.

முட்டைகளை உறைய வைப்பது

டென்னிஸ் வீராங்கனை ஸ்லோன் ஸ்டீஃபன்ஸ் போன்றவர்கள் வெளிப்படையாகப் பேசத் தொடங்கிய பின் இதன் மீதிருந்த கிசுகிசுப்பு குறைந்திருக்கிறது. 2025 ஜூனில் மகளிர் டென்னிஸ் சங்கமான டபிள்யூ.டி.ஏ. ஒரு விதி கொண்டுவந்தது: முதல் 750 இடங்களுக்குள் இருப்பவர் முட்டையையோ கருவையோ உறைய வைக்க ஆட்டத்திலிருந்து விலகினால், திரும்பும்போது மூன்று போட்டிகள் வரை பாதுகாக்கப்பட்ட தரவரிசையோடு நுழையலாம். தரவரிசைக்குப் பயந்து சிகிச்சையை அவசரமாக முடித்துக்கொண்டு மைதானத்துக்கு ஓட வேண்டாம் என்பதுதான் அதன் பொருள்.

நடைமுறை இது. மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ஸ்கேன். பிறகு 10 முதல் 12 நாள் வரை தினமும் வயிற்றில் ஊசி, பெரும்பாலும் நீங்களே போட்டுக்கொள்வது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்கேன். கருமுட்டைகள் முதிர்ந்ததும் கடைசியாக ஒரு ஊசி. அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் மயக்கத்தில் வைத்து முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். மறுநாள் எழுந்து நடக்கலாம். அதனால்தான் பலரும் ஏமாந்துவிடுகிறார்கள்.

அந்த இரண்டு வாரத்தில் சினைப்பை வழக்கத்தைவிடப் பல மடங்கு வீங்கியிருக்கும். அந்த நிலையில் ஓடினால், குதித்தால், பாரம் தூக்கினால் அது தன் காம்பிலேயே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. நேர்ந்தால் அவசர அறுவைச் சிகிச்சை. ஊசி தொடங்கி நாலைந்து நாளில் கடும் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். நடக்கலாம். எடுத்த பிறகும் அடுத்த மாதவிடாய் வரும்வரை முழுப் பயிற்சி கூடாது. ஆக ஒரு மாதத்துக்கு மேல் போய்விடும். அது சீசன் இல்லாத மாதமாக இருக்கட்டும். வயிறு திடீரென்று உப்பி, எடை ஏறி, மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

முகாமில் இருந்துகொண்டே செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். விடுதி அறையின் குளிர்பெட்டியில் ஊசிமருந்து, தலையணைக்கடியில் சிரிஞ்சு: அறைத் தோழி பார்த்தால் வார்டனுக்குப் போகும், வார்டன் பார்த்தால் சம்மேளனத்துக்குப் போகும். சிரிஞ்சு கிடைத்தாலே விசாரணை என்ற நிலையில் இப்போது விளையாட்டு உலகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து செய்யுங்கள். மருத்துவர் சீட்டின் நகலை மருந்தோடு வைத்திருங்கள்.

இந்த ஊசிகளில் உள்ள ஹார்மோன்களில் ஆண்களுக்குத் தடை செய்யப்பட்டவை உண்டு. பெண்களுக்கு அந்தத் தடை இல்லை. சிக்கல் மாத்திரைகளில்தான். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்குக் கருத்தரிப்பு மையங்கள் சர்வசாதாரணமாக எழுதும் லெட்ரோசோல், குளோமிஃபீன் இரண்டுமே எப்போதும் தடை. முகப்பருவுக்கும் முடிவளர்ச்சிக்கும் எழுதும் ஸ்பைரனோலாக்டோனும் அப்படியே. மெட்ஃபார்மினுக்குத் தடை இல்லை. தடை மருந்துதான் தேவை என்றால் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு கேட்டு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கருத்தரிப்புச் சிகிச்சைக்கு அது கிடைக்கக்கூடியதுதான். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகள், மருத்துவர் கடிதம் சேர்த்து அனுப்புங்கள். கையில் அனுமதி வரும்வரை முதல் மாத்திரையைப் பிரிக்க வேண்டாம்.

2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி 21 முதல் 50 வயதுவரை உள்ள பெண், மணமாகாதவராக இருந்தாலும், பதிவுபெற்ற மையத்தில் இதைச் செய்துகொள்ளலாம். வாடகைத்தாய் முறை அப்படியல்ல. மணமாகாத பெண்ணுக்குச் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. ஒரு சுற்றுக்கு லட்சத்துக்கு மேல் செலவாகும், ஆண்டு வைப்புக் கட்டணம் தனி. சிலருக்கு இரண்டு சுற்று தேவைப்படும். 35-க்குள் எடுத்த முட்டைக்கு வாய்ப்பு அதிகம், ஆனால் உத்தரவாதம் எதுவும் கிடையாது. 26 வயதில் மாதவிடாய் ஒழுங்காக வரும் ஒருவர், பரிசுப் பணம் வந்த உற்சாகத்தில் இதற்குப் போக வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். 32-ஐத் தாண்டி, இன்னும் ஒரு ஒலிம்பிக் பார்க்க வேண்டும் என்பவருக்கு இது யோசிக்க வேண்டிய செலவு.

கரு உறுதியான வாரம்

முயலத் தொடங்கும்போதே ஃபோலிக் அமில மாத்திரை தொடங்கியிருக்க வேண்டும். உறுதியானதும் முதலில் சொல்ல வேண்டியவர் அணி மருத்துவர். கோச்சுக்குச் சொல்வது பிறகு. மோதல் ஆட்டங்களில் இருப்பவர் அன்றே மோதலை நிறுத்த வேண்டும். குத்துச்சண்டையில் கர்ப்பம் இல்லை என்று போட்டிக்கு முன் எழுதித் தர வேண்டும், பொய் எழுதாதீர்கள். எடைப் பிரிவு ஆட்டங்களில் தண்ணீரை வெட்டி எடை குறைப்பது முயலும் மாதங்களிலேயே கூடாது. மற்றவர்கள் மருத்துவர் சம்மதித்தால் பயிற்சியைத் தொடரலாம். உச்ச இதயத்துடிப்பில் 90 சதவீதத்தைத் தாண்டாமல், சித்திரை வெயிலில் அல்லாமல்.

"சரி, ஓய்வு அறிவித்துவிடு, பிறகு பார்க்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். ஊக்கமருந்துப் பரிசோதனைப் பட்டியலில் இருந்தவர் ஓய்வுக் கடிதம் கொடுத்துவிட்டால், திரும்பும்போது ஆறு மாதம் பரிசோதனைக்கு உட்பட்டுக் காத்திருந்த பிறகே போட்டியில் இறங்க முடியும். தரவரிசையும் போய்விடும். பெல்ஜியத்தின் கிம் கிளைஸ்டர்ஸ் 2007-இல் ஓய்வு பெற்று, 2008-இல் மகளைப் பெற்று, 2009 அமெரிக்க ஓபனில் தரவரிசையே இல்லாமல் வைல்ட் கார்டில் நுழைந்து பட்டம் வென்றார். அவர் கிளைஸ்டர்ஸ். எல்லோருக்கும் வைல்ட் கார்டு நீட்டுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. மகப்பேறு விடுப்பு என்றே பதிவு செய்யுங்கள்.

ஓய்வு பெறாவிட்டால் பரிசோதனையும் தொடரும். தாய்வீட்டுக்கு ஏழாம் மாதம் போகிறீர்கள், வளைகாப்பு முடிந்து அங்கேயே தங்குகிறீர்கள். பரிசோதனைக்காகக் கொடுத்து வைத்த இருப்பிடத் தகவலில் பழைய முகவரியே இருந்தால் அது தவறிய பரிசோதனை. 12 மாதத்துக்குள் அப்படி மூன்று சேர்ந்தால் ஊக்கமருந்து விதிமீறல். மருத்துவமனையில் சேரும் நாளில் கணவரோ தங்கையோ செயலியில் மாற்றும்படி பழக்கி வையுங்கள்.

கர்ப்பகாலச் சர்க்கரைக்கு இன்சுலின் போட்டால் விலக்கு வாங்க வேண்டும். ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கும் லாபெட்டலால், துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் தடை. வாந்தி நிற்காமல் டிரிப்ஸ் ஏற்றினால் மருத்துவமனைச் சிகிச்சைக்கு விலக்கு உண்டு, டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப்படுத்துங்கள். பிரசவ லேகியம் அம்மா வீட்டில் கிளறியது என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கடையில் வாங்கும் 'கருப்பை பலம்' டானிக்கும், லேபிளில் பாதி மூலிகை மட்டும் அச்சிட்ட சூரணமும் வேண்டாம். தெரியாமல் உள்ளே போனாலும் பொறுப்பு உங்களுடையதுதான்.

தெரியவந்த கர்ப்பங்களில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்றுவரை கலைந்துபோகிறது. அது நீங்கள் ஓடியதால் நடந்தது என்று யாராவது சொன்னால் அவர்களோடு பேசுவதை நிறுத்துங்கள். சட்டப்படி கருச்சிதைவுக்கும் ஆறு வாரம் விடுப்பு உண்டு. எடுத்துக்கொள்ளுங்கள்.

தாளில் என்ன இருக்கிறது

இந்தியாவில் வீராங்கனையின் சம்பளம் பெரும்பாலும் விளையாட்டிலிருந்து வருவதில்லை; ரயில்வே, காவல்துறை, பொதுத்துறை வேலையிலிருந்து வருகிறது. இதைக் குறையாகச் சொல்வார்கள். பிள்ளைப்பேறு விஷயத்தில் இதுவே பெரிய பலம். மத்திய அரசு ஊழியருக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பும், பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தை வளர்ப்பு விடுப்பும் உண்டு. தமிழ்நாடு அரசு 2021 ஜூலை முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு தருகிறது. தனியார் நிறுவன ஊழியர் என்றால், முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் 26 வாரம். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் லீக் ஒப்பந்தமும் ஒரே நேரத்தில் வந்தால், லீக் பணத்தைப் பார்த்து வேலையை உதறிவிடாதீர்கள்.

லீக் ஒப்பந்தம் வேறு ஜாதி. அங்கே நீங்கள் ஊழியர் அல்ல, ஒப்பந்தக்காரர். சட்டத்தின் 26 வாரம் தானாக வராது. எழுதி வாங்கியதுதான் கிடைக்கும்.

ஐஸ்லாந்தின் கால்பந்து வீராங்கனை சாரா பியோர்க் குன்னார்ஸ்டோட்டிர் 2021-இல் பிரான்ஸின் லியோன் கிளப்பில் இருந்தபோது கருவுற்றார். பிரசவத்துக்கு ஊருக்குப் போனார், சம்பளம் வராமல் நின்றது. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல்தான் ஃபிஃபாவின் புதிய விதி நடப்புக்கு வந்திருந்தது: குறைந்தது 14 வாரம் விடுப்பு, அதில் 8 வாரமாவது பிரசவத்துக்குப் பின், சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. வீரர்கள் சங்கத்தின் துணையோடு வழக்குப் போட்டார். 2022-இல் ஃபிஃபா தீர்ப்பாயம் 82,000 யூரோவுக்கு மேல் கொடுக்க உத்தரவிட்டது. விதி காகிதத்தில் இருந்ததால்தான் அவரால் வழக்குப் போட முடிந்தது. கிளப்புகளை நல்லவை, கெட்டவை என்று பிரித்துப் பயனில்லை.

ஸ்பான்சர் ஒப்பந்தம் இன்னும் வழுக்கும். அமெரிக்க ஓட்டக்காரர் அலிசன் ஃபெலிக்ஸுக்கு நைக்கி முன்பைவிட 70 சதவீதம் குறைவான தொகையைப் பேசியது. அவர் கேட்டது ஒன்றுதான்: பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் ஓட்ட வேகம் குறைந்தால் அதற்காகத் தொகையைக் குறைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். நிறுவனம் இசையவில்லை. 2019 மே மாதம் அவர் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். ஆகஸ்டில் நைக்கி 18 மாதத்துக்குத் தொகையைக் குறைப்பதில்லை என்று கொள்கையை மாற்றியது. 2020-இல் கையெழுத்தான அமெரிக்க மகளிர் கூடைப்பந்து லீகின் ஒப்பந்தம் இன்னும் தாராளமாக இருந்தது: விடுப்பில் முழுச் சம்பளம், ஆண்டுக்கு 5,000 டாலர் குழந்தைப் பராமரிப்புத் தொகை, மூத்த வீராங்கனைகளுக்குக் கருத்தரிப்புச் சிகிச்சை, முட்டை உறைவைப்பு, தத்தெடுப்புக்கு 60,000 டாலர் வரை. அங்கே ஒரு சங்கம் உட்கார்ந்து பேசியது. இங்கே தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆகவே இப்படிக் கேளுங்கள். வழக்கறிஞரிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம்:

"வீராங்கனை கருவுற்றாலோ, கருச்சிதைவுற்றாலோ, கருத்தரிப்புச் சிகிச்சை எடுத்தாலோ அதைக் காரணம் காட்டி இந்த ஒப்பந்தம் ரத்தாகாது, தொகை குறையாது. பிரசவத் தேதியிலிருந்து 12 மாதம் வரை தரவரிசை, ஆட்ட எண்ணிக்கை, உடற்தகுதித் தேர்வு குறித்த நிபந்தனைகள் நிறுத்தி வைக்கப்படும். மருத்துவ விவரங்களை வீராங்கனையின் எழுத்துபூர்வ சம்மதமின்றி அணி மருத்துவர் எவருக்கும் தரக் கூடாது."

முதல் ஒப்பந்தத்தில் கேட்கத் தயங்குவீர்கள், "இப்பவே ஏன் கேக்குற, ஏதாவது பிளான் இருக்கா?" என்று மேலாளர் சிரிப்பார். 19 வயதில் கேட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது இதிலுள்ள வசதி. காயக் காப்பீட்டு வரி கேட்பது போலக் கேளுங்கள்.

பிறகு தரவரிசை. செரீனா வில்லியம்ஸ் 2017 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனை வென்றபோது ஏறக்குறைய இரண்டு மாதக் கர்ப்பம். முதலிடத்தில் இருந்தவர், 2018-இல் திரும்பியபோது 400-க்கும் கீழே கிடந்தார். அதன் பிறகுதான் டபிள்யூ.டி.ஏ. விதியை மாற்றியது; இப்போது குழந்தை பிறந்து மூன்று ஆண்டு வரை பழைய தரவரிசையைப் பயன்படுத்தலாம். கனடாவின் குத்துச்சண்டை வீராங்கனை மேண்டி புஜோல்டுக்கு வேறு சிக்கல். கொரோனாவில் தகுதிப் போட்டி ரத்தாக, அவர் கர்ப்பமாகவும் பச்சை உடம்பாகவும் இருந்த காலத்துத் தரவரிசையை வைத்து டோக்கியோவுக்கு ஆள் எடுத்தார்கள். விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2021-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. உங்கள் சர்வதேச சம்மேளனத்தின் விதிப்புத்தகத்தில் கர்ப்பம் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். எத்தனை நாளுக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

திரும்பி வருவது

"பிரசவமாகி ஆறே வாரத்தில் மைதானத்தில்" என்ற தலைப்புச் செய்திகளைப் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். செரீனாவுக்குச் சிசேரியனுக்குப் பிறகு நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தது. ஃபெலிக்ஸுக்கு ரத்தக்கொதிப்பு முற்றி 32-ஆம் வாரமே குழந்தையை எடுத்தார்கள். உலகின் சிறந்த உடம்புகளுக்கே இப்படி.

ஆறாம் வாரச் செக்கப்பில் மகளிர் மருத்துவர் "எல்லாம் சரி" என்றால், வீட்டு வேலைக்குச் சரி என்று பொருள். ஓட்டத்துக்கு 12 வாரத்துக்கு முன் போகாதீர்கள். அதற்குள் இடுப்புத்தளத் தசைகளைப் பார்க்கத் தெரிந்த பிசியோவிடம் ஒருமுறை காட்டுங்கள். குதிக்கும்போது சிறுநீர் கசிந்தால், அடிவயிறு கீழே இறங்குவது போல இருந்தால், அந்தப் பயிற்சி இன்னும் சீக்கிரம் என்று அர்த்தம். நாப்கின் வைத்துக்கொண்டு சமாளிப்பவர்கள் ஏராளம். சரியான பயிற்சியில் பெரும்பாலும் குணமாகும் விஷயம் அது. பாலூட்டினால் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகத் தேவை. பத்தியம் என்று பூண்டும் ரசஞ்சோறும் மட்டும் வைத்தால் போதாது. மாமியாரிடம் உங்களைவிட டயட்டீஷியன் சொன்னால் எடுபடும். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் தூக்கமின்மையும் குழந்தை மீது ஒட்டுதலின்மையும் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

பாதுகாக்கப்பட்ட தரவரிசையைச் சில்லறையாகச் செலவழிக்க வேண்டாம். எண்ணிக்கைக்குக் கட்டுப்பட்டது அது. முதல் ஒன்றிரண்டு போட்டிகளை உள்ளூரில், தரவரிசை தேவையில்லாத இடத்தில் ஆடுங்கள். பெரிய போட்டிக்கு அதை மிச்சம் வையுங்கள். சானியா மிர்சா மகன் பிறந்து 14 மாதம் கழித்தே திரும்பினார், ஹோபார்ட்டில் முதல் போட்டியிலேயே இரட்டையர் பட்டம் வென்றார்.

குழந்தையோடு பயணம்

பாகிஸ்தான் கிரிக்கெட் அணியின் அப்போதைய கேப்டன் பிஸ்மா மரூஃப் 2022 உலகக் கோப்பைக்குக் கைக்குழந்தையோடு நியூசிலாந்து போக முடிந்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய ஆண்டு அவர்கள் வாரியம் கொண்டுவந்த மகப்பேறு கொள்கை. டோக்கியோவில் முதலில் பாலூட்டும் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. கனடாவின் கூடைப்பந்து வீராங்கனை கிம் காச்சர் பகிரங்கமாகக் கேட்ட பிறகே அனுமதித்தார்கள். பாரிஸில் விளையாட்டுக் கிராமத்திலேயே குழந்தைகளுக்கு ஒரு இடம் ஒதுக்கினார்கள். உங்கள் சம்மேளனத்திடம் மூன்றைக் கேளுங்கள்: குழந்தையைப் பார்த்துக்கொள்ள உடன் வருபவரின் டிக்கெட், தனி அறை, பால் எடுத்து வைக்கக் குளிர்பெட்டி. மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் மறுக்க யாருக்கும் கை வராது.

குழந்தையின் பாஸ்போர்ட்டைப் பிரசவமான மாதமே தொடங்கிவிடுங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. நம் பக்கத்தில் நல்ல நாள் பார்த்துப் பெயர் வைப்பதற்குள் பெயரில்லாமலே பதிந்துவிடுவார்கள். பெயர் ஏறாத பிறப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் வாங்க முடியாது, பாஸ்போர்ட் இல்லாமல் விசா இல்லை. முதல் வெளிநாட்டுப் போட்டியின் தேதியை மாமனாரிடம் சொல்லி, பெயர் சூட்டும் நாளை அதற்கு முன்னால் பார்க்கச் சொல்லுங்கள்.